மன்ரேசாவில் இஞ்ஞாசியார் கண்ட அந்தப் பாம்பு

ஆற்றங்கரை:
இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் பாம்ப்லோனா போரில் குண்டடி பட்டது, லொயோலாவில் படுக்கையில் கிடந்தது எல்லாம் இங்கே தெரியாதவர் இல்லை. என்னை விடாமல் உறுத்துவது 1522, ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் அவர் கண்டது. பட்டப்பகலில், பக்கத்திலேயே காற்றில் ஓர் உருவம். பாம்பு மாதிரி, உடம்பெல்லாம் கண்கண்ணாய் மின்னுகிறது, ஆனால் அவை கண்கள் அல்ல. கொள்ளை அழகு. பார்க்கப் பார்க்க ஆறுதல், மறைந்தால் மனசு கசக்கும். ஆறுதல் தந்ததுதான் பிசாசு! முதல் நாளே ஏன் பிடிபடவில்லை?

வால்நுனி:
முதல் நாள் எப்படிப் பிடிபடும்? இனிப்பை வைத்து ஆவியை எடைபோட முடியாது. அவர் எழுதிய ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலில், இரண்டாம் வாரம் என்ற கட்டத்துக்கான விதி 5 பாருங்கள். எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் நன்றாக இருக்க வேண்டும். கடைசியில் கெட்டதிலோ, முதலில் நினைத்ததைவிடக் குறைந்த நன்மையிலோ போய் நின்றால், இருந்த அமைதி குலைந்தால், வந்த இடம் சரியில்லை. விதி 6: பிசாசின் வால் தெரிந்ததும் அது வந்த தடத்திலேயே பின்னோக்கி நட.

அரைத்தூக்கம்:
பாம்பை விடுங்கள், தூக்கத்தைப் பாருங்கள். படுக்கப் போனால்தான் அவருக்குப் பெரிய ஞான ஒளியெல்லாம் வரும். செபத்துக்கு ஏற்கெனவே நாளுக்கு 7 மணி நேரம். இருந்த கொஞ்சத் தூக்கமும் போனது. சந்தேகப்பட்டார், ஒளியை விட்டுவிட்டுத் தூங்கினார். அவ்வளவுதான்.

பழைய கணக்கு:
வால்நுனி சொல்வது சரி, ஆனால் எல்லாருக்கும் அல்ல. முதல் வார நிலையில், வெளிப்படையான சோதனையில் தவிப்பவருக்கு இரண்டாம் வார விதிகளைக் கொடுக்காதே என்று அதே நூலின் முன்குறிப்பு 9 சொல்கிறது. நுட்பம் அதிகம், கெடுதலாகிவிடும். மன்ரேசாவிலேயே அவருக்குப் பாவசங்கீர்த்தன (குருவிடம் பாவங்களைச் சொல்வது) அரிப்பு வந்ததே? ஒரு பாவம் இன்னொன்றை இழுத்துவர, முழுதாகச் சொன்னோமா என்ற வதை. ஞாயிறு முதல் ஞாயிறு வரை பட்டினி. சாப்பிடு என்று குருவானவர் கட்டளையிட்டார், இரண்டு நாள் விடுதலை, மூன்றாம் நாள் திரும்ப அதே. பிறகு இந்த வாழ்க்கையே வேண்டாம் என்ற வெறுப்பு வந்தபோதுதான் விழித்துக்கொண்டார், பழையதை இனிச் சொல்வதில்லை என்று முடித்தார்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். செபம் முடிந்ததும் கால் மணி நேரம், உட்கார்ந்தோ நடந்தோ, எப்படிப் போனது என்று பாருங்கள். மோசமென்றால் காரணம் தேடுங்கள், நன்றென்றால் நன்றி சொல்லுங்கள். மனம் வறண்டிருக்கும்போது, முன்பு எடுத்த முடிவை மாற்றாதீர்கள், செப நேரத்தைக் குறைக்காதீர்கள். ஒரு மணி என்றால் கொஞ்சம் கூடவே இருங்கள். ஆறுதலிலும் ஒரு கண்ணி உண்டு. ஆறுதல் வந்த நேரம் வேறு, அதன் வெதுவெதுப்பில் நாமே போடும் திட்டம் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதி வைக்காதவர்கள்தான் அவசர நேர்ச்சையில் மாட்டுகிறார்கள். தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் விதிப்புத்தகத்தை மூடிவிட்டு குருவையும் மருத்துவரையும் அன்றைக்கே பாருங்கள். இஞ்ஞாசியாருக்கும் அறையிலிருந்த குழியில் குதித்துவிடலாம் என்ற வேகம் வந்ததுண்டு.

ஆற்றங்கரை:
நீளம்! ஆனால் என் கேள்விக்குப் பதில் மன்ரேசாவின் கார்தோனெர் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது போல. அங்கே அகம் தெளிந்தபின், பக்கத்துச் சிலுவை முன் முழந்தாளிட்டபோது அதே உருவம் வந்தது. சிலுவைக்கு எதிரே அந்த நிறத்தில் பழைய அழகு இல்லை. அதற்குப் பிறகும் நெடுங்காலம் அடிக்கடி வந்திருக்கிறது. கையிலிருந்த தடியால் விரட்டியிருக்கிறார்.