செம்பூரில் வளைகாப்பு: கூடவே ‘ஆணா பெண்ணா’ பார்ட்டியும் வைக்கலாமா? யோசனை சொல்லுங்கள்

செம்பூர் அண்ணி

எல்லோருக்கும் வணக்கம். என் நாத்தனாருக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு. எங்கள் சொசைட்டி ஹாலில்தான். மாமியாருக்கு முட்டி வலி, அதனால் பொறுப்பு முழுக்க என் தலையில். சுமார் 40 பேர், கையில் 25,000 ரூபாய். வளையலும் சித்ரான்னமும் எனக்குப் பிரச்சினையில்லை. பிரச்சினை வேறு.

நாத்தனார் வீட்டுக்காரரின் அண்ணன் நியூ ஜெர்சியில் இருக்கிறார். போன வருடம் அவர்கள் வீட்டில் பெரிய கறுப்பு பலூனைக் குத்தினார்கள், உள்ளிருந்து ரோஸ் பொடி கொட்டியது (ரோஸ் என்றால் பெண், நீலம் என்றால் ஆண்), எல்லோரும் கத்தினார்கள். அந்த வீடியோவை இவள் ஒரு நூறு முறையாவது பார்த்திருப்பாள். இப்போது அதே மாதிரி வேண்டுமாம். ‘இட்லியா, தோசையா?’ என்று தீம் வரை யோசித்துவிட்டாள். அடுத்த ஸ்கேனில் டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கவரில் ஒட்டித் தருவாராம், அதை நான் மட்டும் பிரித்துப் பார்த்து, கேக்குக்குள் அதற்கேற்ற கலர் வைக்கும்படி பேக்கரியில் சொல்ல வேண்டுமாம்.

இதை இங்கே எந்த டாக்டராவது செய்வாரா? இல்லையென்றால் அவள் மனம் நோகாமல் வேறு என்ன செய்யலாம்? அலங்காரச் சாமானுக்கு கிராஃபோர்ட் மார்க்கெட் போகலாமா, இல்லை செம்பூரிலேயே கிடைக்குமா?

நவிமும்பைக்காரன்

அக்கா, அந்தக் கவரை முதலில் மறந்துவிடுங்கள். ஸ்கேன் சென்டரில் மராத்தியிலும் இங்கிலீஷிலும் ஒரு பலகை மாட்டியிருக்குமே, கவனித்ததில்லையா? கேட்டாலும் குற்றம், சொன்னாலும் குற்றம்.

வெளிநாட்டில் பார்த்துக்கொண்டு வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் கேட்காதீர்கள். 2024-இல் ஒரு தமிழ் யூடியூபர் துபாயில் ஸ்கேன் எடுத்து, இங்கே விழா வைத்து வீடியோ போட்டார். தமிழக சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. வீடியோவை எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்க வேண்டியதாயிற்று.

சாமானுக்கு கிராஃபோர்ட் மார்க்கெட், அதை ஒட்டிய அப்துல் ரஹ்மான் தெரு. காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.

மாட்டுங்கா மாமி

செம்பூர் அண்ணி, உங்கள் நாத்தனார் மேல் எனக்குக் கோபமே இல்லை. முதல் பிள்ளை, ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் நான் 11 வருடம் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் உட்கார்ந்தவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலையில் பாதி ஃபார்ம் எஃப் நிரப்புவதுதான், ஸ்கேனுக்கு வரும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் சட்டப்படி எழுத வேண்டிய படிவம் அது. பெயர், வயது, ஏற்கெனவே எத்தனை குழந்தை, அதில் ஆண் எத்தனை பெண் எத்தனை, எந்த டாக்டர் அனுப்பினார், கடைசியாகத் தீட்டான தேதி என்ன. கீழே கர்ப்பிணியின் கையெழுத்து: ‘என் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று அறிய நான் விரும்பவில்லை.’ டாக்டரும் தன் பங்குக்கு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: அதைக் கண்டறியவும் இல்லை, யாரிடமும் எந்த விதத்திலும் சொல்லவும் இல்லை என்று. உங்கள் நாத்தனாரும் அதில் கையெழுத்துப் போட்டிருப்பாள், ஆனால் படித்திருக்க மாட்டாள். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு எப்போது கூப்பிடுவார்கள் என்று நெளிந்துகொண்டிருப்பவள் எதைப் படிப்பாள்?

இதற்கென்று முதலில் சட்டம் போட்ட மாநிலமே நம் மகாராஷ்டிரம்தான், 1988-இல். நாடு முழுக்க 1994-இல் வந்தது, 2003-இல் இன்னும் இறுக்கினார்கள். வாயால் சொன்னாலும் சரி, சைகை காட்டினாலும் சரி, குற்றம்தான். டாக்டருக்கு முதல் முறை 3 வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். பார்க்கச் சொல்லிக் கேட்கிற குடும்பத்தாருக்கும் 3 வருடம் வரை உண்டு, அபராதம் மட்டும் 50,000 வரை போகும். கர்ப்பிணியைப் பொறுத்தவரை, வீட்டார்தான் கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும், அப்படி இல்லை என்று யாராவது நிரூபிக்கிற வரை. கவரைக் கையில் வைத்திருக்கப் போவது நீங்கள். ஞாபகம் இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று அந்த கவுன்டரில் உட்கார்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கம் பையன் பிறந்தால் பேடா, பெண் பிறந்தால் பர்ஃபி கொடுக்கிற வழக்கம் உண்டு, தெரியுமில்லையா? “ஒன்றும் சொல்ல வேண்டாம், பேடா வாங்கட்டுமா பர்ஃபி வாங்கட்டுமா, அதை மட்டும் சொல்லுங்கள்” என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஒரு மாமியார் மூன்று தடவை வந்தார். ஸ்வெட்டர் பின்ன வேண்டுமாம், எந்தக் கலர் நூல் வாங்குவது என்று கேட்டார். மும்பையில் ஸ்வெட்டர்! எங்கள் டாக்டரம்மா தலை நிமிராமலே “மஞ்சள்” என்றார். அந்த மருமகளுக்கு ஏற்கெனவே இரண்டு பெண். ஃபார்மில் நான்தான் எழுதினேன். மாமியார் பேசப் பேச அவள் வளையலை மணிக்கட்டில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் அவர்கள் எங்கள் சென்டருக்கு வரவில்லை. வேறெங்கே போனார்களோ.

சரி, பார்ட்டிக்கு வருகிறேன்.

‘இட்லியா தோசையா’ என்று விருந்தாளிகளை ஊகிக்கச் சொல்வதில் சட்டப்படி தப்பில்லை, யாருக்கும் எதுவும் தெரியாதே. ஆனாலும் வேண்டாம் என்பேன். 2019-இல் என் மகள் வளைகாப்பில் நானே செய்து பார்த்தேன். இரண்டு தாம்பாளம் வைத்தோம். பையன் என்று நினைப்பவர்கள் ஒன்றில் பச்சை வளையல் போட வேண்டும், பெண் என்பவர்கள் மற்றதில் சிவப்பு. சம்பந்தியம்மா முதல் ஆளாக வந்து ஒரு கை நிறையப் பச்சையை அள்ளிப் போட்டார். அடுத்து வந்தவர்கள் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பச்சையையே எடுத்தார்கள். அரை மணியில் பச்சைத் தட்டு குவிந்துவிட்டது. சிவப்பில் மொத்தம் 3. அதில் ஒன்று என் மகளே போட்டது. மனையில் உட்கார்ந்தபடி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊகம் கேட்டால் நம் ஆட்கள் வேண்டுதலைச் சொல்வார்கள், அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூ கொண்டுவருகிற சாக்கில் இரண்டு தட்டையும் உள்ளே எடுத்துப் போய்விட்டேன்.

பதிலுக்கு அவசர அவசரமாக ஒன்று செய்தோம், அது பிரமாதமாக அமைந்தது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டி ஆளுக்கு ஒரு சீட்டு. என்றைக்குப் பிறக்கும், எத்தனை மணிக்கு, எடை என்ன, பிறக்கும்போது தலையில் முடி இருக்குமா, மூக்கு யார் மூக்கு (இதற்குத்தான் பெரிய சண்டை), முதலில் தூக்கப் போவது யார். எல்லாவற்றையும் ஒரு பித்தளைச் சம்புடத்தில் போட்டு, வாயில் மஞ்சள் துணி கட்டி, சுவாமி அலமாரியில் வைத்துவிட்டோம். புண்யாஜனத்தன்றுதான் (11-ஆம் நாள் பெயர் வைக்கிற சடங்கு) திறந்தோம்.

ஜெயித்தது யார் தெரியுமா? பூலேஷ்வரிலிருந்து வளையல் அடுக்க வந்த அம்மா. 2 கிலோ 900 என்று எழுதச் சொல்லியிருந்தார், அப்படியே இருந்தது. 20 வருடமாகக் கர்ப்பிணிகள் கையைப் பிடிக்கிறேன், இது தெரியாதா என்றார். பரிசாக எவர்சில்வர் தூக்கு கொடுத்தோம். அவர் என் பேத்திக்குக் கறுப்பு வளையல் போட்டுவிட்டுப் போனார்.

தீம் வேண்டுமென்றால் வளையலையே தீமாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வளையலை நூலில் கோத்து வாசலில் தோரணம். பிளாஸ்டிக் பலூனை விட ஆயிரம் மடங்கு அழகு. காற்றடித்தால் சத்தமும் வரும். அப்புறம் கழற்றி வருகிற பெண்களுக்கே கொடுத்துவிடலாம், குப்பையும் மிச்சமில்லை. மல்லிகைக்கு மாட்டுங்கா மார்க்கெட்டில் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

எடிசன்வாசி

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே 10 வாரம் ஆனதும் ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே சொல்லிவிடுகிறார்கள், இல்லையென்றால் 20 வார ஸ்கேனில். ‘எங்களுக்குச் சொல்லாதீர்கள், கவரில் போடுங்கள்’ என்று கேட்டால் நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதித் தருவார். அதனால் உங்கள் நாத்தனார் கற்பனை செய்யவில்லை, இங்கே உண்மையிலேயே அப்படித்தான்.

ஆனால் இதுவும் பழைய வழக்கமொன்றும் இல்லை. 2008-இல் ஜென்னா கார்வுனிடிஸ் என்ற வலைப்பதிவர் தன் குழந்தைக்காக உள்ளே ரோஸ் கிரீம் வைத்த கேக் வெட்டி எழுதினார், அங்கிருந்துதான் இது பரவியது என்பார்கள். 2019-இல் அவரே, இதை ஏன் ஆரம்பித்தோம் என்கிற தொனியில் எழுதினார். அந்த கேக் எந்த மகளுக்காக வெட்டப்பட்டதோ அவள் கோட்டு சூட்டுதான் விரும்பிப் போடுகிறாளாம். 2020-இல் கலிபோர்னியாவில் ஒரு தம்பதி இதற்காகக் கலர் புகை வெடி வைக்கப்போய், காட்டில் தீப்பிடித்து 22,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். சொசைட்டி மாடியில் கலர் புகை விட யாராவது ஐடியா கொடுத்தால் இதைச் சொல்லுங்கள்.

நாங்கள் செய்தோமா? செய்தோம். வெறும் கப்கேக்தான். மாமனார் சர்க்கரைக்காரர், நான்கு சாப்பிட்டுவிட்டார், அன்று ராத்திரி பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

தானே அடுப்பு

வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். குழந்தை பிறந்த பிறகு வெட்டுகிற ‘உள்ளே கலர்’ கேக் எனக்கு மாதம் ஒன்றாவது வருகிறது. தொட்டில் போடும் அன்று வெட்டுவார்கள். அதில் யாருக்கும் ஆட்சேபமில்லை.

செம்பூர் அண்ணி, நீங்களே செய்வதானால் ஒரு எச்சரிக்கை. பீட்ரூட் சாறை மாவில் கலக்காதீர்கள். வெந்து வரும்போது ரோஸ் போய்ப் பழுப்பாகிவிடும். மஞ்சள்தூளும் அப்படித்தான், சோடா பட்டால் செங்கல் நிறம். கலரை நடுவில் வைக்கும் கிரீமில் மட்டும் சேருங்கள்.

ஆனால் கேக்கை விட எனக்குப் பிடித்தது பூரணக் கொழுக்கட்டை. வெளியே எல்லாம் ஒரே வெள்ளை, உள்ளே என்ன என்று கடித்தால்தான் தெரியும். இதைவிட நல்ல ரகசியப் பெட்டி எந்த நாட்டில் இருக்கிறது? வெல்லம் போட்டால் நிறம் எடுபடாது. தேங்காய்த்துருவலும் சர்க்கரையும் கிளறி, இறக்கும்போது ஒரு ஸ்பூன் பீட்ரூட் சாறு விட்டால் நல்ல ரோஸ். அதையே பிஸ்தாப் பொடியோடு கிளறினால் பச்சை. பூரணத்தை நன்றாக வற்றவிடுங்கள், ஈரமிருந்தால் சாறு மேல்மாவு வழியாகக் கசிந்து ஆவி பறக்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும். சொப்பு கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும்.

செம்பூர் அண்ணி

எல்லோருக்கும் நன்றி. மாமி எழுதியதை நாத்தனாரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சட்டம், சிறை எல்லாம் வந்தபோது உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். 3 சிவப்பு வளையல் வந்தபோது ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, “நம் மாமா வீட்டில் யார் யார் பச்சை போடுவார்கள் என்று எனக்கே தெரியும் அண்ணி” என்றாள். இட்லி தோசை தீம் அதோடு போயிற்று. (இட்லி மட்டும் மெனுவில் இருக்கிறது.)

வளையல் தோரணம், சீட்டு, சம்புடம் மூன்றும் முடிவாகிவிட்டது. மூக்குக் கேள்வியில் நாலு தாத்தா பாட்டி மூக்கையும் போட்டோ எடுத்து ஒட்டப் போகிறாள்.

கொழுக்கட்டையை வைத்து அவளே வேறு கணக்குப் போட்டிருக்கிறாள். பிறந்ததும் இங்கே எல்லோருக்கும் தெரியத்தானே போகிறது? நியூ ஜெர்சிக்கு மட்டும் சொல்லக் கூடாதாம். 11-ஆம் நாள் காலை, அங்கே முந்தின நாள் ராத்திரி, வீடியோ காலில் அவர்கள் கண் முன்னால் ஒரு கொழுக்கட்டையைப் பிட்டுக் காட்ட வேண்டுமாம். போன வருடம் நம்மைக் காக்க வைத்தார்களே, இப்போது அவர்கள் காக்கட்டும் என்கிறாள். ரோஸ், பச்சை கூட வேண்டாமாம், ஆணென்றால் எள்ளுப் பூரணம், பெண்ணென்றால் தேங்காய்ப் பூரணமாம். அவர்கள் எதற்கு எது என்று தெரியாமல் முழிக்க வேண்டும், அதுதான் வேடிக்கை.

எல்லாம் சரி, ஒரே சிக்கல். என் மாமியார் குடும்ப வாட்ஸப் குரூப்பில் காலை 5 மணிக்கே குட் மார்னிங் போடுகிறவர். 11 நாள் எப்படி வாயைக் கட்டுவது?

மாட்டுங்கா மாமி

பிரசவத்தன்று காலையிலேயே அவர் போனை ரிப்பேருக்குக் கொடுத்துவிடுங்கள். ஸ்பேர் பார்ட் சீனாவிலிருந்து வர வேண்டும் என்று சொல்லுங்கள்.