மாந்தோப்புக்கு உயிர்வேலி: கிளுவை போத்து எங்கே கிடைக்கும்?

வணக்கம். போச்சம்பள்ளி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது, பெங்களூராவும் செந்தூராவும். செம்மண், கீழே சரளை. சுற்றளவு ஏறக்குறைய 1000 அடி வரும். கம்பிவேலிக்கு விலை கேட்டு மலைத்துப்போய், உயிர்வேலிதான் என்று முடிவு செய்திருக்கிறோம்.

என் மனம் கிளுவை பக்கம் சாய்கிறது. முள் உண்டு, வறட்சி தாங்கும், குச்சியை வெட்டி ஊன்றினாலே தழைக்கும். ஆனால் அடிக்கு ஒன்று வைத்தாலே 1000 போத்து (ஊன்றும் குச்சி) வேண்டுமே! பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் பழைய கிளுவை வேலி வைத்திருப்பவர்கள் கவாத்து செய்யும்போது ஒரு வார்த்தை சொன்னால், வண்டியோடு வந்து ஏற்றிக்கொள்கிறோம். சும்மா கேட்கவில்லை, காசு தருகிறோம்.

எப்போது நடுவது என்பதில் வீட்டிலேயே இரண்டு கட்சி. கோடை மழைக்கே ஊன்றிவிடலாம் என்கிறார் அப்பா. ஐப்பசி மழைக்கு வைக்கலாம் என்று நான் சொன்னால், ஈரம் தேங்கிக் குச்சி அழுகும் என்று அம்மா சொல்கிறார். உங்கள் காட்டில் எது பிடித்தது?

வடக்கே ஆடுகள் போகும் தடம். அங்கே மட்டும் ஆடாதொடையும் நொச்சியும் கலந்து வைக்கலாம் என்றிருக்கிறேன், ஆடு அவற்றில் அவ்வளவாக வாய் வைக்காது. காட்டுப்பன்றிக்கு அது போதாதே! அடியில் நெருக்கமாக அடைக்க களாக்காய் வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை வருஷத்தில் அடைந்தது? பக்கத்துக் காட்டுக்காரர் முகம் சுளிக்காமல் இருக்க வரப்பிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி நட்டீர்கள்?

சீமைக்கருவேலத்தை மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.