அகூஸ்டிக் கிட்டாரோட 'டோன்': நாதம், கார்வை, தெறிப்பு – என் பரிந்துரை

வணக்கம் நண்பர்களே,

கிட்டார் ஒலியோட தன்மையை 'டோன்'னு சொல்றோமே, அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு நம்ம குழுவோட சொல்விளக்கத்துக்காகப் பேசிட்டிருக்கோம். இதுவரைக்கும் வந்திருக்கிற சொல் மூணு: தொனி, ஒலித்தரம், ஒலிநிறம். அகராதியை ஓரமா வச்சுட்டு ஒரு வேலையில வச்சுப் பாப்போம். மார்ட்டின் கம்பெனியோட டி-18, டி-28ங்கிற ரெண்டு கிட்டாரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வாசிச்சு, எது எப்படிக் கேக்குதுன்னு தமிழ்ல எழுதணும். ரெண்டும் ஒரே ட்ரெட்நாட் (அகலமான பெரிய உடல்) உருவம், மேல்பலகை ரெண்டுலயும் ஸ்ப்ரூஸ் மரம், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் ஒண்ணுல மஹாகனி, இன்னொண்ணுல ரோஸ்வுட் (1969 வரைக்கும் பிரேசில் ரோஸ்வுட், அதுக்கப்புறம் பெரும்பாலும் நம்ம ஈட்டி மரம்). இதுல எந்தச் சொல் கைகொடுக்குது?

தொனின்னா பேச்சுல ஒளிஞ்சிருக்கிற மனசு, 'அவர் சொன்ன தொனி பிடிக்கல'ன்னுதான் எல்லாரும் சொல்றோம், அது அங்கயே இருக்கட்டும். தரம்ங்கிறது பள்ளிக்கூட இயற்பியல்ல உரப்பு, சுருதியோட சேந்து வர்றதுதான், ஆனா 'டி-18ஓட தரம் வேற'ன்னு எழுதினா படிக்கிறவங்க மட்டமான சரக்குன்னு நெனச்சுப்பாங்க. ஒலிநிறம் நல்ல சொல், ஒரே சுரத்தை ஒரே உரப்புல வீணையும் புல்லாங்குழலும் கொடுக்கிறப்ப காது பிரிச்சு அறியுதே, அந்த வித்தியாசத்துக்கு அதை வச்சுக்கலாம். வாசிக்கிறவங்களுக்கு வேண்டியது அதைவிட அகலமான சொல். தஞ்சாவூர்ல வீணை வாங்கப் போறவங்க, மிருதங்கத்துக்கு மூட்டு மாத்துறவங்க எல்லாம் 'நாதம் நல்லா இருக்கு', 'நாதம் அடைக்குது'ன்னு ஏற்கனவே பேசிட்டுத்தானே இருக்காங்க? கிட்டாருக்கும் நாதம்தான் சரின்னு எனக்கு உறுதியாப் படுது. வடமொழி வேர்ங்கிற ஆட்சேபம் வரும், அந்த அக்கறையை மதிக்கிறேன், ஆனா வாசிக்கிறவங்க வாயில உயிரோட இருக்கிற சொல்லை எடுத்துட்டு புதுசு ஒண்ணு வச்சா அது இந்தக் குழுவைத் தாண்டாது.

ஆனா நாதம் மட்டும் போதாது, கிட்டாரை எடைபோடுறதுன்னா அதைப் பிரிச்சுச் சொல்லணும். கம்பியைத் தட்டினதும் ஒலி எவ்வளவு வேகமா எழும்புது, அதுக்குத் தெறிப்பு (நரம்பை மீட்டுறதுக்குத் தெறித்தல்னே பழைய வினை இருக்கு). எழும்பின ஒலி எவ்வளவு நேரம் நிக்குது, அதுக்குக் கார்வை, கர்நாடக சங்கீதக்காரங்க யாருக்கும் விளக்கவே வேண்டாம். இப்ப எழுதிப் பாருங்க: டி-18ல அடிப்படைச் சுரம் முன்னாடி நிக்குது, மேற்சுரங்கள் (அதோட சேந்து மெல்லிசா ஒலிக்கிற உயர்ந்த சுரங்கள்) அடக்கம், தெறிப்பு பளிச்சுன்னு இருக்கு; டி-28ல கீழ்க்கம்பிகளுக்கு ஆழம் கூட, மேற்சுரங்கள் சுத்தி மிதக்குது, கார்வை நீளம். பொதுவா வாசிக்கிறவங்க சொல்ற வித்தியாசம் இதுதான், தமிழ்ல தடையில்லாம வருது பாருங்க.

குறை சொல்றதுக்குத்தான் நம்மகிட்ட பெரிய சொத்தே இருக்கு. யாழோட நரம்புக் குற்றம்னு செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வுன்னு நாலை சிலப்பதிகாரம் சொல்லுது. உரையில விளக்கமும் உண்டு: ஆர்ப்புன்னா அளவுக்கு மேல ஓங்கி ஒலிக்கிறது, கூடம்னா இசை வராம மழுங்குறது, அதிர்வுன்னா நரம்பைச் சிதற உந்துறது. ட்ரெட்நாட்ல உள்ள இருக்கிற காத்து ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிரும், அதனால ஆறாம் கம்பியை, கழுத்துல குறுக்கா இருக்கிற உலோகக் கட்டைகள்ல (ஃப்ரெட்) மூணாவதுல அழுத்தினா (98 ஹெர்ட்ஸ்) சில கிட்டார்ல அந்த ஒரு சுரம் மட்டும் குமுறிட்டு வரும், அதுக்கு ஆர்ப்பைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியல. கூடம் இன்னைக்கு வீட்டு ஹாலைக் குறிக்கும், அதனால மழுங்கல்னே வச்சுக்கலாம். அதிர்வு இயற்பியல்ல வேற பொருளுக்குப் போயிடுச்சு, ஃப்ரெட்ல கம்பி உரசுற இரைச்சலுக்குச் சிதறல் போதும்.

கடைசியா டோன்வுட், அதாவது கிட்டார் செய்ய எடுக்கிற மரம். இதை நாதமரம்னு ஆக்கலாம்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அதை நான் வலுவா எதிர்க்கிறேன். நாதமே மரத்தோட இனத்துல இருந்துதான் வருதுன்னு அந்தச் சொல் தீர்ப்பு எழுதிடுது. 1862ல ஸ்பெயின்ல அன்டோனியோ டி டோரஸ் மேல்பலகையை மட்டும் மரத்துல வச்சு, பின்னாடியும் பக்கமும் காகிதக்கூழ் அட்டையில ஒரு கிட்டாரே செஞ்சு காட்டினார். இங்கிலாந்துல லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரங்க பின்பலகை, பக்கப்பலகை மரம் மட்டும் வேற வேறயா இருக்கிற ஆறு கிட்டாரை, எதுன்னு கண்ணுக்குத் தெரியாதபடி 52 பேர்கிட்ட கொடுத்து வாசிக்கச் சொல்லி 2018ல முடிவை வெளியிட்டாங்க. விலை கூடின பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் விலை குறைஞ்ச சபீலி மரத்துக்கும் கொடுத்த மதிப்பெண்ல பெரிய வித்தியாசமே வரல. மேல்பலகையோட கனமும் அதுக்கு அடியில ஒட்டுற பட்டைகளும்தான் பெரும்பங்கு. நம்ம பழைய நூல்கள்லயும் யாழுக்கு ஆகிற மரம் எதுன்னு பேர் உண்டுதான், ஆனா குற்றம்னு வர்றப்ப தண்ணியில நின்னுச்சா, அழுகிச்சா, இடி விழுந்துச்சான்னு மரத்தோட நெலமையைத்தான் கேக்குது. அதனால கருவிமரம்னு வச்சா போதும், அந்த மரம் எதுக்குன்னு மட்டும் சொல்லும், எப்படி ஒலிக்கும்னு வாக்குறுதி கொடுக்காது.

சொல்விளக்கத்துல இன்னொரு வரியும் சேக்கணும்னு கேட்டுக்கிறேன்: நாதத்தை ஒப்பிடுறப்ப ஒரே வகைப் புதுக்கம்பி, ஒரே பிக் (கம்பியை மீட்டுற சின்னத் தகடு), ஒரே அறை, வாசிக்கிறதும் ஒரே ஆள். பழைய கம்பியில மேற்சுரம் செத்துடும், அதைக் கேட்டுட்டு கிட்டார்மேல மழுங்கல்னு பழி போடுறது கடையில தெனமும் நடக்குது. அதோட மடியில வச்சு வாசிக்கிறவருக்குக் கேக்கிறது வேற, எதிர்ல உக்காந்திருக்கிறவருக்குக் கேக்கிறது வேற, எழுதுறவங்க எங்க இருந்து கேட்டோம்னு சொல்லிடணும்.

மேல்பலகைக்கு அடியில ஒட்டுற பிரேசிங்குக்கு உள்பட்டைன்னு நான் எழுதிட்டு வர்றேன், முழுத் திருப்தி இல்ல. வீணை செய்யற ஆசாரிங்க யாரையாவது தெரிஞ்சவங்க, அவங்க பட்டறையில இதுமாதிரி தாங்குகட்டைக்கு என்ன பேர் சொல்றாங்கன்னு கேட்டு எழுதுங்க, அதையே எடுத்துக்கலாம்.