தாத்தா டிரங்க் பெட்டில ஜெர்மன் தொப்பி, ஒரிஜினலா பாத்து சொல்லுங்க

பாலாத்து_பையன்:
எல்லாருக்கும் வணக்கம், இவ்ளோ நாளா சும்மா படிச்சிக்கினு இருந்தேன், இதான் முதல் கேள்வி. எங்க சொந்த ஊரு கம்மவான்பேட்டை, வேலூர்க்காரங்களுக்கு சொல்லவே வேணாம், வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் இருக்குற ஊரு. எங்க அம்மாவோட அப்பா ரெண்டாம் உலகப்போர்ல மெட்ராஸ் சாப்பர்ஸ்ல, அதாவது மிலிட்டரி எஞ்சினியர் படையில, இருந்தவரு, எகிப்து லிபியா பக்கம்லாம் போயிட்டு வந்தாருன்னு சொல்லுவாங்க, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போய் சேந்துட்டாரு. போன வாரம் வெள்ளையடிக்கறதுக்காக பரண்ல இருந்த டிரங்க் பெட்டிய எறக்குனா உள்ள டிஸ்சார்ஜ் பேப்பர், ஒரு மெடல், அப்பறம் இந்த தொப்பி. சின்ன வயசுல எங்க மாமாங்க கூத்துல போலீஸ் வேஷத்துக்கு இதத்தான் போட்டுக்குவாங்களாம், ரயில்வே தொப்பின்னே எல்லாரும் நெனச்சிக்கினு இருந்திருக்காங்க.

மூக்கு நல்லா நீளமா இருக்கு, துணி வைக்கோல் கலர்ல வெளுத்துப் போச்சு, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு காத்து ஓட்டை வளையம் வச்சு. உள்ள திருப்புனா செகப்பு துணி, அதுல 57னு ஒரு நம்பர், பக்கத்துல 41 மாதிரி ஏதோ மங்கலா. முன்னாடி பேட்ஜ் எதுவும் இல்ல, நூல் பிரிச்ச தடம் மட்டும் இருக்கு. இதுல ஒரு கூத்து, நான் ஆபீஸ் போயிட்டு வர்றதுக்குள்ள அம்மா அத சோப்பு பவுடர்ல ஊறவச்சு தொவைச்சு மாடி கொடியில காயப்போட்டுட்டாங்க. வாட்ஸப்ல போட்டோ போட்டதும் ஒருத்தரு எட்டாயிரம் தரேன், நாளைக்கே ஆள் அனுப்பறேங்கறாரு. குடுத்துடலாமா?

பழையசாமான்_பித்தன்:
தம்பி மொதல்ல அந்த எட்டாயிரத்துக்கு பதில் சொல்லாத. அவ்ளோ அவசரமா ஆள் அனுப்பறான்னாலே அவனுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு.

நீ சொல்ற அடையாளம் எல்லாம் ஜெர்மன் தரைப்படையோட டிராபிகல் ஃபீல்டு கேப்புக்கு பொருந்துது. வட ஆஃப்ரிக்காவுல சண்டை போட்ட ஜெர்மன் ஜெனரல் ரொம்மலோட ஆளுங்க 1941 பிப்ரவரில திரிப்போலில எறங்குனப்ப குடுத்த தினுசு, பருத்தி டிரில் துணி, புதுசுல ஆலிவ் பச்சை, உள்ள செகப்பு லைனிங், 57ங்கறது தலை சைஸ். மேல ஓரமா மடிச்சுவிட்ட மாதிரி ஒரு மடிப்பு தெரியும் பாரு, அது சும்மா ஒப்புக்கு தச்சது, கீழ எறக்கி காத மூட முடியாது. பாலைவனத்துல வெளுத்த தொப்பி போட்டவன்தான் பழைய ஆளுன்னு ஒரு கெத்து, அதுக்காகவே விஷவாயுவுக்கு குடுத்த குளோரின் மாத்திரைய கரைச்சு புதுத் தொப்பிய வெளுக்க வைப்பானுங்க.

இப்ப ஒரு வேலை செய். தொப்பிய ஜன்னல் பக்கம் வச்சு, முன்னாடி நடுவுல தலகீழா வச்ச V மாதிரி ஒரு தடம் இருக்கான்னு பாரு. அங்க கலர் நாடா ஒண்ணு தச்சிருப்பாங்க, காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிக்கு செகப்பு, டாங்க்குக்கு ரோஸ், எஞ்சினியருக்கு கறுப்பு. 1942 செப்டம்பர்ல அத எடுக்க சொல்லிட்டாங்க. எடுத்த எடத்துல வெயில் படாத துணி கொஞ்சம் பச்சையா நிக்கும், ஊசி ஓட்டையும் வரிசையா தெரியும். டூப்ளிகேட் பண்றவன் பேட்ஜ் எல்லாம் புதுசா பளிச்சுனு வைப்பானே தவிர இந்த தடத்த கொண்டுவர மாட்டான், வந்தாலும் இயற்கையா இருக்காது.

ஆமா மெடலு எந்த மெடலு? ரிப்பன் மணல் கலர்ல நடுவுல செகப்பு, ஒருபக்கம் கருநீலம் ஒருபக்கம் வெளிர்நீலம்னா அது ஆஃப்ரிக்கா ஸ்டார், வட ஆஃப்ரிக்கா சண்டைக்கு பிரிட்டிஷ்காரன் குடுத்த மெடல்.

குடியாத்தம்_தறி:
அண்ணன் சொன்னதோட துணி பக்கம் கொஞ்சம் சேத்துக்கறேன், நாங்க மூணு தலைமுறையா நூலுதான். தையல் மடிப்ப விரலால மெதுவா பிரிச்சு உள்ள பாருங்க. வெயில்ல வெளுத்த துணின்னா மேல வைக்கோல், மடிப்புக்குள்ள பச்சை, இதான் கணக்கு. டூப்ளிகேட்டு பிளீச்சுல முக்கறதால மடிப்புக்குள்ளயும் ஒரே சீரா வெளுத்திருக்கும். ஆனா ஒண்ணு, அந்த சோல்ஜருங்களே முக்குனாங்கன்னு அண்ணன் சொல்லிட்டாரு, அதனால இத மட்டும் வச்சு டூப்ளிகேட்டுனு தீர்ப்பு சொல்லிடாதீங்க.

அடுத்தது தையல் நூலு. உள்பக்கம் தொங்கிக்கினு இருக்குற பிசிறு நூல் அரை இஞ்ச் இருந்தா எடுத்து கொளுத்துங்க. பருத்தின்னா பேப்பர் எரியற வாசனை, சாம்பல ஊதினா பறக்கும். சுருண்டு கறுப்பு குண்டுமணி மாதிரி உருண்டா பாலியஸ்டர், அது போருக்கு அப்பறம் மார்க்கெட்டுக்கு வந்த சரக்கு. அல்ட்ரா வயலட் லைட் அடிச்சு பளபளன்னா டூப்ளிகேட்டுனு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா உங்க அம்மா சோப்பு பவுடர் போட்டுட்டாங்களே, அதுல கலக்குற வெள்ளை மருந்தாலயே ஒரிஜினல் துணியும் நீலமா மின்னும். அந்த டெஸ்ட் உங்களுக்கு இனிமே உதவாது போங்க.

ஜெய்ஹிந்த்_காட்பாடி:
ப்ரோ, தாத்தா நேதாஜியோட ஜெர்மனி படையில இருந்திருப்பாரோ? அவங்களும் ஜெர்மன் டிரெஸ்தான்.

பழையசாமான்_பித்தன்:
நல்ல கேள்விதான், ஆனா ஆளு அந்தப் பக்கம் போயிருந்தா கையில ஆஃப்ரிக்கா ஸ்டாரும் டிஸ்சார்ஜ் பேப்பரும் இருக்கறது கஷ்டம். நேதாஜியோட அந்த லீஜியன்ல (படையில) பாதிக்கு மேல வட ஆஃப்ரிக்காவுல புடிபட்ட நம்ம ஆளுங்கதான், டிராபிகல் யூனிஃபார்மும் போட்டாங்க, ஆனா போட்டது ஐரோப்பாவுல, ஹாலந்து, ஃபிரான்ஸ் கடற்கரைல. வலது கையில பாயற புலி போட்ட மூவர்ண ஷீல்டு இருக்கும். தம்பி தாத்தா சாப்பர்ஸ். மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனிங்க நாலாவது இந்திய டிவிஷனோட அங்க இருந்தாங்க, 1943 மே மாசம் துனிசியாவுல ஜெர்மன் ஜெனரல் ஃபான் ஆர்னிம் சரணடைஞ்சது அந்த டிவிஷன் கிட்டதான். ரெண்டு லட்சத்துக்கும் மேல கைதிங்க, ரோட்டோரம் தொப்பி பெல்ட்டுனு மலையா குவிஞ்சு கெடந்துச்சு. யாரு வேணா ஒண்ணு எடுத்து கித்தான் பைல போட்டுக்கலாம்.

ஆம்பூர்_தோலு:
நானும் ஏமாந்த கதைய சொல்லிடறேன். ஆன்லைன்ல ஒருத்தன் கிட்ட ஜெர்மன் வெயில் ஹெல்மெட்டுனு வாங்குனேன், பக்கத்துல ரெண்டு தகர ஷீல்டு வேற. வந்ததும் ஓரத்துல அமுக்கிப் பாத்தா லேசா பொத பொதன்னு அமுங்குது, கை நகத்துல கிள்ளுனா வெள்ளையா நெட்டி வருது. ஜெர்மன்காரன் ஆரம்பத்துல செஞ்சது கார்க்கு, பின்னாடி செஞ்சது அழுத்துன ஃபெல்ட்டு. நெட்டில செய்யறது நம்ம நாட்டு சோலா தொப்பி, அதுல ஷீல்ட ஒட்டி வித்துட்டான். அந்த ஷீல்டையும் மாத்தி ஒட்டியிருந்தான், கழுகு இடதுபக்கம், கறுப்பு வெள்ளை செகப்பு வலதுபக்கம் இருக்கணும், இவன் திருப்பி வச்சிருக்கான். ஓரத்து தோல வெட்டுன எடத்துல பாத்தா உள்ள நீலம் பாஞ்ச சாம்பல் கலரு, குரோம் பதனிட்ட தோலு, எங்க ஊர் டேனரில சின்னப் பையனுக்குக்கூட தெரியும். ஆவாரம்பட்டை மாதிரி பட்டைச்சாறுல பதனிட்டா நடு வரைக்கும் பழுப்பா இருக்கும். போர் காலத்துல ரெண்டு தினுசு தோலும் இருந்துச்சு, அதனால குரோம்னாலே பொய்யின்னு இல்ல, ஆனா நெட்டி பொய் சொல்லாது.

கோட்டைவாசல்:
தெரியாமத்தான் கேக்குறேன், அந்தக் கொலகாரப் பசங்க தொப்பிய வீட்ல வச்சு இன்னா பண்ணப்போறீங்க?

பழையசாமான்_பித்தன்:
கேக்க வேண்டிய கேள்விதான் சார். ஜெர்மனிலயே ஹிட்லர் கட்சியோட ஸ்வஸ்திகா சின்னத்த பொதுவுல காட்டக் கூடாதுன்னு 86ஏ சட்டம் இருக்கு, ஆராய்ச்சி, பாடம், கலை மாதிரி காரியத்துக்குத்தான் விலக்கு. நான் மாட்டி அழகு பாக்கறதுக்கு சேக்கல, தொப்பி விஷயத்த வேலூர்க்காரன் லேசா எடுத்துக்கவும் முடியாது, 1806 ஜூலை 10ல நம்ம கோட்டைல சிப்பாய்ங்க எழுந்ததுக்கு தோல் வச்ச புது தலைப்பாகையும் ஒரு காரணம். இங்க தம்பிக்கு இருக்கறது எதிரிய ஜெயிச்சவன் கொண்டாந்த பொருளு. டிஸ்சார்ஜ் பேப்பரும் மெடலும் கூட இருக்கறவரைக்கும்தான் அதுக்கு அந்தக் கதை. தனியா வித்தா யார் தலைல இருந்துதோன்னு போயிடும்.

பாலாத்து_பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து நைட்டு எல்லாம் பாத்தேன். ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு புடிச்சா V தடம் தெரியுது, நாடா இருந்த எடம் மட்டும் ஒரு தீக்குச்சி அகலத்துக்கு பச்சையா நிக்குது. மடிப்புக்குள்ள பச்சை. பிசிறு நூல கொளுத்துனேன், சாம்பல் பறந்துது. அப்பறம் லாங் பஜார்ல துணிக்கடை வச்சிருக்க மச்சான் கிட்ட கள்ளநோட்டு பாக்குற லைட்டு வாங்கி சும்மா அடிச்சும் பாத்தேன், தறி அண்ணன் சொன்ன மாதிரியே மொத்தமும் மங்கலா நீலம், ஆனா மூக்கு கிட்ட நாலு தையல் மட்டும் டியூப்லைட்டு மாதிரி எரியுது. பதறிப்போய் அம்மாவ கேட்டா, அது நான் போட்ட தையல்டா, உங்க சின்ன மாமா கூத்து ஆடறப்ப கிழிச்சுட்டான்னாங்க. மெடலு மணல் கலர் ரிப்பன்தான்.

எட்டாயிரம்காரர் பன்னெண்டுக்கு வந்துட்டாரு, பிளாக் பண்ணிட்டேன். கஞ்சி போடாத வெள்ளை காடாத் துணில சுத்தி, உள்ள பேப்பர் உருட்டி வச்சு, தனியா ஒரு அட்டைப் பொட்டில வச்சிருக்கேன், இது போதுமா? அம்மா வேற கேட்டுக்கினே இருக்காங்க, தொப்பிக்கு தனிப் பொட்டி வந்துடுச்சே, டிரங்க்ல அரிசி கொட்டிக்கலாமான்னு.