கலைச்சொல்: சிறுகதையின் 'எபிபனி'க்கு 'உறைத்தல்' பொருந்துமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். உயர்தர மாணவருக்கான இலக்கியக் கலைச்சொல் பட்டியலில் 'குறியீடு', 'படிமம்' இரண்டும் முடிந்துவிட்டன. 'எபிபனி' இன்னும் நிற்கிறது. கதை முழுக்க ஒன்றை நம்பியிருந்த பிள்ளைக்கு, யாரோ சாதாரணமாகச் சொன்ன ஒரு பேச்சு உள்ளதை உள்ளபடி காட்டிவிடும் இடம் அது. பெயர் ஜனவரி 6இல் வரும் திருக்காட்சி விழாவினுடையது. ஜேம்ஸ் ஜொய்ஸ் அதை இலக்கியத்துக்கு எடுத்தபோது தெய்வக் காட்சியை விட்டுவிட்டு, கொச்சைப் பேச்சிலும் கையசைவிலும்கூடத் திடீரென வெளிப்படும் உண்மையைக் குறித்தார். அதனால் 'திருக்காட்சி' சரிவராது. 'தரிசனம்' எழுத்தாளரின் வாழ்க்கைநோக்கு என்ற பொருளில் விமர்சனத்தில் ஊறிவிட்டது. 'துலங்கல்' அழகான சொல்தான். ஆனால் விஞ்ஞானப் பாடத்தில் 'தூண்டல், துலங்கல்' படித்த பிள்ளை நரம்புத்தொகுதியைத்தான் நினைக்கும்.

என் முன்மொழிவு: உறைத்தல். "இப்பத்தான் எனக்கு உறைச்சது" என்று நாம் சொல்வது இதைத்தானே?

காரைதீவிலிருந்து:

சேர், எனக்கு இரண்டு தடை. நம் பக்கத்தில் உறைப்பு என்றால் முதலில் கறிதான். அடுத்தது, தண்ணீர் உறைவதும் இதே எழுத்தில் வருகிறது. நாளை யாராவது சுருக்கி 'உறைகணம்' என்று எழுதினால், எல்லாம் அசையாமல் நின்றுபோன கணம் என்றுதான் வாசிப்பார்கள்.

'கதவுதிறப்பு' எப்படி? வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறத்தல் நடப்பதை இங்கே அறியாதவர் இல்லை. 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்தர் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். மக்களிடம் உயிரோடு இருக்கும் சொல்லை முதலில் தேடுவோம் என்பதே என் ஆசை.

அக்கரைப்பற்றிலிருந்து:

மிஸ், கதவு திறக்கும் நாள் ஊருக்கே தெரியும். பந்தல் போட்டுக் காத்திருப்பார்கள். இது அப்படியில்லை. காத்திருந்தது ஒன்று, வந்தது வேறொன்று.

'உறைத்தல்' பக்கம் நிற்க எனக்கு இலக்கணக் காரணம் உண்டு. 'அவன் உணர்ந்தான்' என்றால் அவன் எழுவாய், செய்தது அவன். 'அவனுக்கு உறைத்தது' என்றால் நான்காம் வேற்றுமை. அவன் ஒன்றும் செய்யவில்லை, அது அவனுக்கு நேர்ந்தது. சுருக்கென்ற வலியும் சொல்லிலேயே இருக்கிறது. கறியின் உறைப்பு இதற்குத் துணைதான், தடையில்லை.

ஒரு கதையைக் கற்பனை செய்து, குறியீட்டோடு சேர்த்துச் சோதித்துப் பார்த்தேன். அப்பா சோம்பலில் வாவிக்குப் போவதில்லை என்று நம்பும் பெடியன். குறியீடு வீச்சு வலை. முதல் தரம் அது வெறும் வலை: வேலியில் காய்கிறது, ஈயமணி வெயிலில் சுடுகிறது. இரண்டாந் தரம் அப்பா கிழிசல் பொத்துகிறார். நூலை இழுக்க வலக்கையை உயர்த்தாமல் பல்லால் இழுக்கிறார். மூன்றாந் தரம் பெடியன் தானே எறிகிறான், வலை விரியாமல் சுருண்டு விழுகிறது. பக்கத்தில் நின்றவர், "கொப்பருக்குத் தோள் ஏலாமப் போனதுக்குப் பிறகு இந்த வலை தண்ணி காணல்ல" என்கிறார். பெடியனுக்கு அங்கே உறைக்கிறது.

பல்லால் இழுப்பதை எடுத்துவிட்டால் கடைசிப் பேச்சு வெறும் தகவலாகிவிடும். அதையே அழுத்தி, "தோள் வலித்தது" என்று எழுதினால் வாசகர் முந்திக்கொள்வார், பெடியன் பின்னால் ஓடிவர வேண்டியிருக்கும். வலையை முதன்முதலாகக் கடைசிப் பக்கத்தில் கொண்டுவந்தால் அது கருவி, குறியீடாகாது. எல்லாவற்றிலும் மோசம், "விரியாத வலைபோல அவன் மனமும்" என்று ஒரு வரி சேர்ப்பது. வாசகருக்கு உறைக்க வேண்டியதை ஆசிரியரே மென்று கொடுப்பது அது.

இன்னொரு வசதி: சில கதைகளில் பாத்திரத்துக்குக் கடைசிவரை தெரியாது, வாசகருக்கு மட்டும் தெரியும். 'பாத்திரத்துக்கு உறைத்தல்', 'வாசகருக்கு உறைத்தல்' என்று பிரிக்க வேறு சொல் தேவையில்லை.

காரைதீவிலிருந்து:

வேற்றுமைக் காரணம் என்னை இணங்க வைத்துவிட்டது. 'கதவுதிறப்பு'வை மீளப்பெறுகிறேன். ஆனால் இரண்டு நிபந்தனைகளைப் பதிவிலேயே எழுதுவோம். வினைத்தொகையாகச் சுருக்கக் கூடாது. 'உறைத்த இடம்', 'உறைத்த கணம்' என்று பெயரெச்சமாகவே வர வேண்டும். மோதிரத்தைக் கண்டதும் துஷ்யந்தனுக்குச் சகுந்தலை நினைவு வருவதை இதில் சேர்க்கக் கூடாது. அது அரிஸ்டோட்டில் பேசும் 'அனக்னோரிசிஸ்' வகை, அதற்கு 'அடையாளங்காணல்' போதும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

நன்றி மிஸ், தம்பிக்கும் நன்றி. பதிவு இப்படி:

உறைத்தல்: கதையில் முன்பே இடப்பட்ட சிறு விவரங்கள், ஒரு சாதாரணப் பேச்சாலோ செயலாலோ சட்டெனப் பொருள் பெற்று, பாத்திரத்தின் அல்லது வாசகரின் நம்பிக்கையை மாற்றுவது.

இப்படி ஒரு பிள்ளை உண்மையை அறிந்து வளரும் வகைக் கதைக்கே பெயர் இன்னும் இல்லை. 'பருவமெய்தல் கதை' என்றால் இங்கே சாமத்தியச் சடங்குதான் நினைவுக்கு வரும், பெடியனின் கதைக்குப் பொருந்தாது. 'ஆளாதல்' என்பதிலும் அதே சிக்கல். 'முதிர்வுக் கதை' என்று எழுதி வைத்திருக்கிறேன். தடை இருந்தால் சொல்லுங்கள்.