சிறிய நிறுவனத்தின் உலாவியைத் தனித்த உலாவி எனலாமா?

கேள்வி: விவால்டி என்னும் உலாவியின் உள்ளே இயங்குவது கூகுள் முன்னின்று வளர்க்கும் திறமூல உலாவி அடித்தளமான குரோமியம்தான் என்னும்போது, அதைத் தனித்த உலாவி என்று அழைப்பது சரியா?

மறுமொழி 1: சொந்த எஞ்சினை, அதாவது இணையப் பக்கங்களைத் திரையில் காட்டும் உள்மென்பொருளை, பேணுவது சிறிய நிறுவனத்துக்குப் பெருஞ்சுமை. 1995இல் நார்வேயில் தொடங்கிய ஓபரா என்னும் உலாவி நிறுவனம், பிரெஸ்டோ என்னும் தன் எஞ்சினைப் பல ஆண்டுகள் வளர்த்தும், ஆப்பிளின் சஃபாரி உலாவியில் உள்ள வெப்கிட் எஞ்சினை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட தளங்கள் பெருகிய நிலையில், 2013இல் அதைக் கைவிட்டது. எனக்கு அது இன்றும் ஓர் இழப்பாகவே தோன்றுகிறது.

மறுமொழி 2: எஞ்சின் ஒன்றைக்கொண்டு மட்டும் அளக்க வேண்டாம். ஓபராவின் நிறுவனர்களுள் ஒருவரான யோன் வான் டெட்ஸ்னர் தொடங்கிய விவால்டி ஊழியர்களுக்கே சொந்தமானது என்பதால், வெளி முதலீட்டாளர் எவரும் அதன் போக்கைத் தீர்மானிப்பதில்லை. ஒரு தாவலை இழுத்து இன்னொன்றின்மேல் விட்டால் இரண்டும் ஓர் அடுக்காகிவிடும். இத்தகைய வசதிகள் அவர்களுடைய சொந்த உழைப்பு.

கேட்டவர்: அப்படியானால், குரோமியத்தில் கூகுள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஏற்பதா, நீக்குவதா என்று ஆராய்வதே அவர்களுடைய ஓயாத வேலையாக இருக்குமே!

மறுமொழி 2: ஆம், ஒவ்வொரு புதிய பதிப்பின்போதும்.