டிஸ்பயோசிஸுக்குத் தமிழ்: சமநிலைக் குலைவா, குடிகுலைவா?

யாழ்ப்பாணத்திலிருந்து, தாதியர் ஆசிரியை:

வணக்கம். நுண்ணுயிர்க்கொல்லி எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிற நோயாளருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். டிஸ்பயோசிஸுக்கு ஒரு சொல் தேவை. குடலில் வழமையாக வாழ்கிற பற்றீரியாக்களில் சில இனங்கள் அருகி, சில பெருகி, அவை செய்யும் வேலையும் மாறிப்போன நிலை. மருந்து வயலை வெறுமையாக்கியதும் களை முளைப்பதுபோல குளொஸ்ட்ரிடியோயிடிஸ் டிஃபிசில் என்ற பற்றீரியா பெருகி, நச்சைச் சுரந்து, கடும் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். சனத்துக்கு இதைத்தான் முதலில் சொல்லவேண்டும். இப்போதைக்கு 'நுண்ணுயிர்ச் சமநிலைக் குலைவு' என்று போட்டிருக்கிறேன். நீளமாக இருக்கிறது.

ரொறொன்ரோவிலிருந்து:

தங்கச்சி, 'சமம்' வடசொல். அது இல்லாமலே முடியும். குடல், குடம், குடில், குடி எல்லாம் வளைவைக் குறிக்கும் ஒரே வேரில் கிளைத்தவை என்பார்கள். வளைந்த உறுப்பு குடல். வளைத்துக் கட்டியது குடில். அதில் வாழ்வோர் குடி. குடலில் குடியிருக்கும் உயிர்க்கூட்டத்தை 'நுண்ணுயிர்க்குடி' என்போம். அது கெட்டால் 'குடிகுலைவு'. குறளில் குடிசெயல்வகை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது; குடியை உயர்த்துவதற்குச் சொல் இருந்தால் குலைவதற்கும் இருக்கவேண்டும். மூன்று அசையில் குடலும் குடியும் ஒருங்கே ஒலிக்கிற சொல் வேறெந்த மொழிக்கு வாய்க்கும்?

சென்னையிலிருந்து:

குடிகுலைவு என்றால் இங்கே குடும்பம் நாசமானதாகத்தான் படிப்பார்கள். அப்புறம், 'பற்றீரியா' எங்களுக்குப் 'பாக்டீரியா', உங்கள் 'சமிபாடு' எங்களுக்குச் 'செரிமானம்'. இரு கரைக்கும் பொதுவாக டிஸ்பயோசிஸ் என்றே எழுதிவிடலாமே. 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே', காலத்தோடு வருகிற சொல்லைத் தள்ளவேண்டியதில்லை என்று தொல்காப்பியமே இடம் தருகிறது.

ரொறொன்ரோவிலிருந்து:

அதே தொல்காப்பியம் 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ', வடவெழுத்தை விலக்கி எழுது என்றும் சொல்கிறது. டிஸ்பயோசிஸில் எந்த எழுத்தை ஒருவுவீர்கள்? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். அமெரிக்காவிலிருந்து 1847இல் வந்தவர் அதற்காகத் தமிழ் படித்துச் சொல்லாக்கினார். அவர் இருந்த ஊரிலிருந்து வருகிற துண்டுப்பிரசுரத்தில் கிரேக்கத்தை அப்படியே இறக்குவதா? இன்னொரு வழியும் உண்டு. 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்கிறது 941ஆம் குறள். 'மிகைகுறை' என்றே வைக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, வைத்தியர்:

ஐயா, அந்தக் குறள் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றைப் பற்றியது, அளவைப் பற்றியது. இங்கே அளவு மட்டும் பிரச்சினை இல்லை. எந்த இனம், அது என்ன செய்கிறது என்பதும் உண்டு.

என் மறுப்பு 'சமநிலை' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. குலைந்தது என்று சொல்ல, குலையாத நிலை எது என்று தெரிந்திருக்கவேண்டும். நல்ல சுகத்தோடு இருக்கிற இரண்டு பேரின் குடலில்கூட இனங்களின் விகிதம் பெரிதாக வேறுபடும். ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியா இருப்பதாக 2016இல் கணித்தார்கள். மனிதக் கலங்கள் (செல்கள்) 30 இலட்சம் கோடி. ஒன்றுக்குப் பத்து என்று அதுவரை சொல்லிவந்த கணக்கு அதோடு போயிற்று. இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு ஒரே தராசு கிடையாது.

அடுத்தது இதைவிட முக்கியம். சொல்லில் 'கேடு', 'நோய்' எதுவும் ஒட்டவேண்டாம். குரோன் என்ற நாட்பட்ட குடல் அழற்சி நோயாளரின் குடலில் ஃபீகலிபக்டீரியம் பிரவுஸ்னிற்சி என்ற பற்றீரியா குறைவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். அது குறைந்ததால் அழற்சி வந்ததா, அழற்சியால் அது குறைந்ததா? நீரிழிவில் இன்னும் சிக்கல். நோயின் அடையாளம் என்று எண்ணிய மாற்றங்களில் ஒரு பகுதி, அந்த நோயாளர் விழுங்கிய நீரிழிவு மருந்தான மெற்ஃபோமின் செய்த வேலை என்று 2015இல் தெரியவந்தது. எங்கள் கிளினிக்கில் அந்தக் குளிசை எடுக்காத நீரிழிவுக்காரர் எத்தனை பேர்?

டிஃபிசில் மட்டும் தனி. நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், திரும்பத் திரும்ப வருகிற அந்த வயிற்றோட்டத்துக்கு, சுகதேகிகளின் மலத்தைக் கரைத்துக் குடலில் செலுத்தினார்கள். ஒரே தடவையில் 16 பேரில் 13 பேருக்கு மாறிச் சுகமாயிற்று. வன்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் எடுத்த 13 பேரில் 4 பேருக்குத்தான் மாறியது. அங்கே குடலின் கூட்டத்தைத் திருத்த நோய் போகிறது. உடற்பருமன், மனச்சோர்வு பற்றி அப்படிச் சொல்ல இன்னும் காலம் வரவில்லை. ஆகவே 'திரிபு' என்று நடுநிலையாக வைப்போம்: 'நுண்ணுயிர்க்குடித் திரிபு'.

தாதியர் ஆசிரியை:

இன்று வாட்டில் ஒரு தாய்க்கு இரண்டையும் வாசித்துக் காட்டினேன். 'குடிகுலைவு' என்றதும், "என்ர பிள்ளை குடிக்கிறேல்லை மிஸ்" என்றார், முகம் சிவந்து. 'குடித் திரிபு' அதைவிட மோசம். ஒற்று வந்து 'குடித்து' என்றே காதில் விழுகிறது. மகனுக்கு மருந்து தந்த இடத்தில் குற்றம்சாட்டுவதாக ஒரு தாய்க்குத் தோன்றினால் அந்தச் சொல் எனக்கு வேண்டாம், வேர் எவ்வளவு பழையதாக இருந்தாலும்.

சென்னையிலிருந்து:

சரி, 'நுண்ணுயிர்ச் சீர்குலைவு'? எல்லோருக்கும் தெரிந்த சொல்.

வைத்தியர்:

சீர் என்பதிலும் ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. ஆனாலும் தராசு இல்லை. துண்டுப்பிரசுரத்துக்கு ஒத்துக்கொள்கிறேன், மருத்துவ மாணவருக்குத் 'திரிபு' என்றுதான் படிப்பிப்பேன்.

தாதியர் ஆசிரியை:

'நுண்ணுயிர்ச் சீர்குலைவு' அச்சுக்குப் போகிறது. கீழே 'மருந்தால் குடலின் நல்ல பற்றீரியா குறைதல்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஒரு நாளில் மூன்று தரத்துக்கு மேல் தண்ணியாகப் போனால் உடனே வரவேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

ரொறொன்ரோவிலிருந்து:

அச்சானாலும் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். நுண்ணுயிர்ச் சீர்குலைவு என்றால் நுண்ணுயிரது சீர்குலைவா, நுண்ணுயிரால் வந்த சீர்குலைவா? ஆறாம் வேற்றுமைத் தொகையா, மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையா? எது காரணம், எது விளைவு என்று வைத்தியர் தம்பி கேட்ட கேள்விக்குச் சொல் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறது. 'குடி' இருந்திருந்தால் இந்த மயக்கம் வந்திராது. இரண்டாம் பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன்.